ஈரத் தலைக்கு அனுமதி இல்லை

ஜெகதாம்பாளுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எனக்கும் அவளுக்கும் வருஷக்கணக்கில் நடந்த சண்டை முழுவதும் அந்தக் கூந்தலை வைத்துத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பரந்தாமன் சார் நடத்திய சின்ன ரசாயனக் கம்பெனியில் நான் கெமிஸ்ட். பி.எஸ்ஸி. முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். அப்பாவுக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். தினமும் காலையில் ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட்டுக்கு பஸ் ஏறுவதற்குள் எனக்குப் பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதிக் கோபத்தை ஏற்றுவதற்கென்றே ஜெகதாம்பாள் கேட்டில் காத்திருப்பாள், தலை நிறையப் பூவோடு.

எங்கள் கம்பெனியின் முக்கியமான சரக்கு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. முழுப் பெயரைச் சொன்னால் வாய் வலிக்கும் என்பதால் எல்லோருக்கும் அது பென்டா. பாஸ்பரசும் குளோரினும் சேர்ந்தால் முதலில் கிடைப்பது ட்ரைகுளோரைடு, பார்வைக்குத் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதனோடு இன்னும் கொஞ்சம் குளோரினைச் சேர்த்தால் திரவம் என்பதே போய் இளமஞ்சள் பொடியாக உறைந்து நிற்கும். பின்கட்டில், குளிர்ந்த நீர் சுற்றி ஓடும் பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் இந்த வேலை நடக்கும். குடுவைச் சுவரில் பொடி படிவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. சூடு காட்டினால் மற்றவை போல உருகாது, நேராக ஆவியாகக் கிளம்பிவிடும். மாத்திரைக் கம்பெனிகளும் சாயக் கம்பெனிகளும் அதை விரும்பி வாங்கும். ஒரு பொருளிலிருந்து ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குளோரினை உட்கார வைக்க அதைவிடக் கெட்டிக்கார ஆள் கிடையாது.

ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் ஜென்மப் பகை. ஒரு சொட்டு பட்டால் சீறும். அமிலமாகும், சூடாகும், ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கக்கும். தண்ணீர்கூட வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும். மூடியைத் திறந்தவுடன் வெள்ளையாகப் புகைந்து மூக்கைக் குத்தும், கண்ணில் நீரை வரவழைக்கும். கண்ணில் நீர் வந்துவிட்டால் அந்த நீரையும் தேடிக்கொண்டு வரும்.

அதனால் பென்டாவைப் பாட்டிலில் நிரப்புவதற்கென்று தனி அறை உண்டு. பெண்கள் அதைக் காஞ்ச ரூம் என்றார்கள். இரட்டைக் கதவு. மூலைக்கு மூலை தட்டில் நீலநிற சிலிக்கா மணிகள். ஈரம் குடித்தால் அவை ரோஜா நிறமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். புகையை இழுத்து வெளியே தள்ளப் பெரிய மின்விசிறி ஒன்று. கதவின் மேல் என் கையெழுத்தில் ஒரு பலகை: ஈரக் கை, ஈரத் துணி, ஈரத் தலைக்கு அனுமதி இல்லை. பூவுக்கும் அனுமதி இல்லை. பூக்காரி தண்ணீர் தெளித்துத்தானே விற்கிறாள்? கதவுக்கு வெளியே வரிசையாக ஆணி அடித்திருந்தோம். வேலைக்குப் போகிறவர்கள் அவரவர் பூவை அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அது ஏதோ கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஜெகதாம்பாள்தான் காஞ்ச ரூமுக்குப் பொறுப்பு. நசரத்பேட்டையில் கீரை போட்டு விற்கும் குடும்பத்தில் பிறந்தவள். நாள் முழுக்கப் பாத்திக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்த கை, தண்ணீரே ஆகாத வேலைக்கு எப்படிப் பழகியதோ தெரியாது. பென்டா இருக்கும் பெரிய ஜாடியின் மூடியைத் திறப்பாள், கரண்டியால் அள்ளுவாள், எடை சரியாக நிற்கும், மூடுவாள், உருக்கிய மெழுகில் பாட்டில் கழுத்தை முக்கி எடுப்பாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அவசரப்பட மாட்டாள், பதற மாட்டாள். பொடியோடு பேசுவாள்.

"தல தீவாளிக்கு வந்த மாப்ள மாதிரி மேடம் இது. எதுக்குக் கோச்சுக்கும்னே தெர்யாது. நாமதான் பதனமா நடந்துக்கணும்."

எனக்குப் பிரச்சினை அவள் கொண்டை. தலைக்கு மாட்டக் கம்பெனி தந்த துணித் தொப்பிக்குள் அது அடங்காது. "கொஞ்சம் வெட்டிக்கோயேன், ஜெகதாக்கா" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க தலையில வளந்தா இந்தப் பேச்சு பேசுவீங்களா?" என்று கேட்டாள். என் தலைமுடி எலிவால். நான் அதற்குப் பிறகு வெட்டுகிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. ஒரு டர்க்கி டவலைச் சுற்றிக்கொண்டு அவள் வேலை செய்தாள்.

ஈரத் தலை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. எஸ்டேட்டில் மின்சாரத்தைப் பங்கிடக் கம்பெனி வரிசைக்கு ஒரு கிழமையை விடுமுறையாக வைத்திருந்தார்கள். எங்கள் வரிசைக்கு வெள்ளிக்கிழமை. பெண்கள் எல்லோரும் அன்று நிம்மதியாகத் தலை முழுகி, சாவகாசமாக உலர்த்திவிட்டுச் சனிக்கிழமை வருவார்கள். அம்பாளே பார்த்துப் போட்ட அட்டவணை என்பாள் ஜெகதாம்பாள்.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் காட்டுப்பாக்கம். கணவர் அப்பாவு பூந்தமல்லி ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவதும் வாடகைக்கு சைக்கிள் விடுவதும் வேலை. சம்பள நாளில் மனைவியை அழைத்துப்போகக் கேட்டுக்கு வருவார். வாட்ச்மேன் வேம்புலி நாலு வார்த்தை பேசினால் இவர் ஒரு தலையாட்டல் ஆட்டுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எங்கள் பெண்கள் கேலி செய்வார்கள். கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் பத்மா.

எண்பத்தெட்டு வைகாசியில் பத்மாவுக்கு டைபாய்டு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று விட்டிருந்தார்கள். பிறகு குழந்தை கண்ணைத் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் டாக்டர், "சொல்றவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெகதாம்பாள் வராந்தாவில் நின்று திருவேற்காட்டு அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்தாள். ஆத்தா, எம் பொண்ணை எழுப்பிக் குடு. ஆடி மொத மூணு வெள்ளியும் விடியக்காலம் தலையோட முழுகி, மஞ்சப் பொடவையும் வேப்பிலையுமா ஈரத்தோட உன்னை மூணு சுத்து சுத்தி வரேன். இதுதான் வேண்டுதல். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்தது என்று நான் சொன்னேன். "மருந்த வேல செய்ய வச்சது யாரு மேடம்?" என்று கேட்டாள்.

குழந்தை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஜெகதாம்பாளுக்குப் பயம் போகவில்லை. அவள் கணக்கில் பத்மா இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. மூன்று வெள்ளியும் நிறைவேறினால்தான் அம்மன் குழந்தையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். ஒன்று குறைந்தாலும் கொடுத்த கை திரும்ப வாங்கிக்கொள்ளும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பெத்திருந்தா தெர்யும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள்.

முதல் வெள்ளி விடுமுறை நாள். எந்தச் சிக்கலும் இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் எஸ்டேட்டில் விடுமுறைக் கிழமைகளை மாற்றிப் போட்டார்கள். எங்கள் வரிசைக்குத் திங்கட்கிழமை வந்தது. வெள்ளி வேலை நாளாகிவிட்டது.

அதே சமயம் ஒரு மாத்திரைக் கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. லீவு என்ற சொல்லையே பரந்தாமன் சார் காதில் வாங்கவில்லை. இரண்டாம் வெள்ளி ஜெகதாம்பாள் விடியலில் திருவேற்காட்டில் முழுகி, சுற்றி முடித்து, உலர்ந்த புடவை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து நேராக வேலைக்கு வந்தாள். வானம் மூடிக் கிடந்தது. அந்தக் கூந்தலுக்கு நல்ல வெயிலிலேயே அரை நாள் வேண்டும்.

அவள் என்ன செய்தாள் என்றால், கழுவிய பாட்டில்களைக் காயவைக்கும் மின்சார அடுப்பு ஒன்று கம்பெனியில் உண்டு, இரும்பு பீரோ மாதிரி இருக்கும். நான் பின்கட்டில் இருந்த நேரத்தில் அதன் கதவைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கூட வேலை செய்யும் பூங்காவனம், புடவை உலர்த்துகிற மாதிரி கூந்தலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். மேலெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. நான் வந்து கேட்டபோது, "இன்னா மேடம், ஈரம் எங்க கீது? தொட்டுத்தான் பாருங்களேன்" என்று தலையை நீட்டினாள். தொட்டேன். உச்சந்தலை சுட்டது. ஆனால் அடர்த்தியான முடி வெளியே காய்ந்தாலும் உள்ளே காயாது. அவள் முடிந்த கொண்டைக்கு நடுவில், பிடரிக்கு மேலே, ஒரு கைப்பிடி ஈரம் உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணி வாக்கில் கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது. விசிறி நின்றால் பெரிய ஜாடியை மூடிவிட்டு உடனே வெளியே வர வேண்டும், அதுதான் விதி. அன்று பார்த்து ஜாடியின் மூடி சரியாக உட்காராமல் சிக்கிக்கொண்டது. திறந்து போட்டுவிட்டு வந்தால் சரக்கு முழுவதும் பாழ். ஜெகதாம்பாள் குனிந்து மூடியோடு மல்லுக்கட்டினாள். பொடி மேலே எழும்பியது. நழுவிய டவலுக்குக் கீழே கொண்டை அதை ஆனந்தமாக வரவேற்றது.

சத்தம் கேட்டு நான் ஓடியபோது காஞ்ச ரூம் வாசலில் ஜெகதாம்பாள் நின்றிருந்தாள். ஆடி வெள்ளி. நெற்றியில் பெரிய குங்குமம், முகத்தில் மஞ்சள், கண் சிவந்து நீர் வழிகிறது. கொண்டையிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பித் தலைக்கு மேலே சுருண்டு போகிறது. அவள் முன்னால் பூங்காவனம் முழங்காலிட்டுக் கையைக் குவித்திருந்தாள்.

"ஆத்தா வந்துக்கீறா! தாயே, எம் புள்ளைக்கு இந்த வருசமாச்சும் வேல கெடைக்குமா? ஒரு வாக்கு சொல்லு தாயே!"

"அடி போடி, எரியுதுடி!" என்றாள் ஆத்தா.

அவளை முற்றத்துக் குழாய்த் தொட்டிக்கு இழுத்தேன். ஒட்டியிருந்த பொடியை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு வாளியை எடுத்தால் பூங்காவனம் குறுக்கே பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வாணாம் மேடம்! நீங்கதானே சொன்னீங்க, தண்ணி பட்டா சீறும்னு!" மற்றப் பெண்களும் தள்ளி நின்றார்கள், ஒருத்தி கை நீட்டவில்லை. அத்தனை நன்றாகப் பாடம் நடத்தியிருந்தேன். கொஞ்சம் தண்ணீர்தான் பகை, கொட்டோ கொட்டென்று கொட்டினால் அமிலமும் சூடும் கரைந்து ஓடிவிடும் என்பதையும் சொல்லித்தான் இருந்தேன். அது யார் நினைவிலும் நிற்கவில்லை. நல்லவேளையாக ஜெகதாம்பாளுக்கு நின்றது. என்னையும் பூங்காவனத்தையும் தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் தலையை முக்கினாள். நான் குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தோம்.

பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அந்த இடத்து முடி கையோடு வந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் களிம்பு தடவிக் கட்டுப் போட்டார். முடி போனதற்கு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அடுத்த வெள்ளி தல முழுகலாம் இல்ல மேடம்?"

பரந்தாமன் சார் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் அன்று வெலவெலத்துப் போயிருந்தார். மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வருது. மிச்ச சரக்கு அதுல ஏறியாகணும். அன்னிக்கு நீ இல்லாம முடியாது. தலைய நனைச்சுட்டு வந்தா உள்ள விடவும் முடியாது. வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

நான் நிரப்புகிறேன் சார் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ இங்க வந்துட்டா பின்னாடி குடுவைய யாரு பாக்கறது? என் மாமனாரா?" என்றார்.

வியாழக்கிழமை மதியம் ஜெகதாம்பாள் தன்னுடைய கையுறைகளையும் கண்ணாடியையும் துடைத்து என் மேஜை மேல் வைத்தாள்.

"நாளைக்கு நான் வரல மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆவணியில செஞ்சா ஆகாதா?"

"ஆடின்னு சொல்லிட்டு ஆவணியில போய் நின்னா, ஆத்தா இன்னா கேணச்சியா?"

"உனக்குப் பதிலா வேற யாராவது செய்யக் கூடாதா? அதுக்கு வழி இல்லியா?"

"கீது. தாலி கட்னவரு செய்யலாம். அவரு செஞ்சா நான் செஞ்ச மாதிரி."

"அப்புறம் என்ன? அப்பாவு அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆம்பளன்னா சட்டயில்லாம, ஈரத் துணியோட சுத்தணும் மேடம். அவரு சட்டய கயட்டமாட்டாரு."

பிறகுதான் சொன்னாள். அவள் கணவருக்கு முதுகிலும் மார்பிலும் வெண்புள்ளி. சின்ன வயதில் திட்டாக ஆரம்பித்துப் பரவியது. சட்டைக்கு வெளியே ஒரு பொட்டுகூடத் தெரியாது. ஊருக்குத் தெரியாது, கல்யாணத்துக்கு முன்னால் இவளுக்கும் தெரியாது. தெரிந்ததும் நசரத்பேட்டையிலிருந்து அண்ணன்கள் வந்து மோசம் பண்ணிவிட்டார்கள் என்று சத்தம் போட்டு, பெட்டியைக் கட்டு என்றார்கள். அவர் கொல்லையில் போய் நின்றுகொண்டாராம். இவள் பெட்டியைக் கட்டவில்லை. தொத்து வியாதி இல்லையே, தோல்தானே, போங்கடா என்று அண்ணன்களை அனுப்பிவிட்டாள்.

"அத்தோட அவுங்க வந்து போறதும் கொறஞ்சிப் போச்சு. இவரு இன்னிக்கும் என் எதிர்ல பனியன் போட்டுகினுதான் மேடம் படுப்பாரு. கெணத்தாண்ட ஆளு இருந்தா குளிக்க மாட்டாரு. அத்தினி ஜனம் கூடற எடத்துல போய் நில்லுன்னு நான் எப்டி சொல்லுவேன்?"

"கேட்டாத்தான் பாரேன்."

"கேட்டா செய்வாரு. அதுக்குத்தான் கேக்க மாட்டேன்."

அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலை. அந்த அறைக்குள் அவள் நடமாடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டில்கூட அவளுக்கு அப்படி ஒரு அதிகாரம் இருந்திருக்காது. அதைக் கையுறையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டாள். குழந்தைக்கு முன்னால் இதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. நான் பின்கட்டுக்குப் போய், ஒரு குற்றமும் செய்யாத பூங்காவனத்தைத் திட்டினேன்.

பூங்காவனமும் காட்டுப்பாக்கம்தான். ஓட்டை வாய். எங்கள் பேச்சின் முதல் பாதி போகிற போக்கில் அவள் காதில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சைக்கிள் கடைக்குப் போய், ஜெகதாம்பாள் வேலையை விடுவதையும், தாலி கட்டியவர் செய்யலாம் என்பதையும், மேஜை மேல் கையுறை வைத்ததையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். அப்பாவு வீல் ஒன்றைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெகதாம்பாள் வேலைக்கு வந்து நின்றாள். தலை காய்ந்திருந்தது. பூ இல்லை. முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது. நேராகப் பூங்காவனத்திடம் போய், "உன் வாயில மண்ணப் போட!" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எழுந்து பாத்தா ஆளக் காணோம் மேடம். கொடியில போட்டிருந்த மஞ்சப் பொடவையக் காணோம். பத்மா சொல்லுது, அப்பாதான் எடுத்துகினு போச்சு, அம்மாவ வேலைக்குப் போ சொல்லிச்சுன்னு."

"அப்போ செஞ்சிருவாருல்ல?"

"தெர்லியே! போயிட்டாருதான். அங்க ஜனத்தப் பாத்து மனசு குன்றி, எங்கியாச்சும் மரத்தடியில குந்திகினு இருந்தாருன்னா? நானும் முழுகாம இங்க வந்து நிக்கறேன், அவரும் சுத்தாம அங்க நின்னா, எம் பொண்ணு கதி?"

திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பூ மாட்டும் ஆணிகளைப் பார்த்தாள். "போ சொல்லிச்சாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையை நீட்டினாள். நான் கையுறையைக் கொடுத்தேன்.

அன்று காலை முழுவதும் அவள் பொடியோடு பேசவில்லை. கை மட்டும் வேலை செய்தது. பாட்டில்கள் வரிசையாக வெளியே வந்தன. ஒவ்வொரு பாட்டிலை வைக்கும்போதும் கதவுக் கண்ணாடி வழியே கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எனக்கும் பின்கட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாமி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் சுற்றியிருக்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேம்புலி வந்தார். "மேடம், ஜெகதாம்பா ஊட்டுக்காரரு வந்துக்கீறாரு. உள்ள வர மாட்டேன்றாரு. ஈரமா கீறாராம்."

கண்ணாடியைத் தட்டினேன். ஜெகதாம்பாள் கையிலிருந்த பாட்டிலை முடித்து, மெழுகு வைத்து, ஜாடியை மூடிவிட்டு வெளியே வந்தாள். முகத்துணியை அவிழ்த்தாள். இரண்டு பேரும் கேட்டுக்குப் போனோம்.

கேட்டுக்கு வெளியே அப்பாவு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தார். இடுப்பில் மஞ்சள் புடவையை வேட்டி மாதிரி மடித்துக் கட்டி, வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தார். மேலே ஒன்றும் இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரை வெள்ளைத் திட்டுகள். வெயில் படாமலேயே இருந்த உடம்பு. எதிர் டீக்கடையில் லேத்துப் பட்டறை ஆட்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நிற்கவும் இல்லை, குனிந்து நிற்கவும் இல்லை. பஸ்ஸுக்காக நிற்கிறவர் போல நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

ஜெகதாம்பாள் கேட்டைத் தாண்டியதும் அவர் பின்னால் நகர்ந்தார். "கிட்ட வராத. ஈரமா கீறேன். நீ உள்ள போவணும்." பொட்டலத்தை எட்ட நின்றே நீட்டினார். "வேண்டுனவ கையில திருநீறு சேர்ற வரைக்கும் துணி மாத்தக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. வழியில காஞ்சிடும்னு ரெண்டு எடத்துல குழாயில நனைச்சிகினேன்."

அவள் பொட்டலத்தை வாங்கவில்லை.

"மூணு சுத்தும் சுத்தினியா, மாமா?"

"சுத்தினேன்."

"ஜனம்?"

"இருந்துச்சி. நெறைய."

"பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

அவள் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, நடுரோட்டில், டீக்கடைக்காரர்கள் பார்க்க, பரந்தாமன் சார் மாடி ஜன்னலிலிருந்து பார்க்க, அவர் பக்கத்தில் போய் நின்றாள். முந்தானையை எடுத்து அவர் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் விலகப் பார்த்தார். "சும்மா நில்லு" என்றாள். தோள், முதுகு, மார்பு என்று ஒரு இடம் விடாமல் துடைத்தாள், பத்மாவைக் குளிப்பாட்டித் துடைக்கிற மாதிரி. அழுதுகொண்டே துடைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

முந்தானை நனைந்தது, ரவிக்கை நனைந்தது, முகம் நனைந்தது. அந்தக் கோலத்தில் அவளைக் காஞ்ச ரூமுக்குள் விட முடியாது. பரந்தாமன் சார் மாடியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பின்கட்டுக் குடுவையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, நான் கையைத் துடைத்து உலர்த்திக்கொண்டு, அவளுடைய கையுறையை மாட்டினேன். மீதிப் பாட்டில்களை அன்று நான் நிரப்பினேன்.